மிதவை வீட்டில் ஓர் இரவு

வரலாறு என்றதும் நம் மனக்கண் முன் தோன்றுவன கோட்டைகளும் கோயில்களும் கல்வெட்டுகளுமே. அவை யாவும் நிலத்தின்மேல் ஊன்றி நிற்பவை. ஆனால் நான் இன்று சொல்லப்போகும் வரலாற்றுப் பாடத்தை, நிலத்தில் ஊன்றாத ஒரு வீட்டில், ஓர் இரவு முழுவதும் மெல்ல அசைந்துகொண்டே கற்றேன். அந்த வீடு ஆற்றின்மேல் மிதக்கும் வீடு.

தாய்லாந்து நாட்டின் மேற்கெல்லையில், பர்மாவை ஒட்டிக் காஞ்சனபுரி என்றொரு மாகாணம் இருக்கிறது. காஞ்சனம் என்றால் பொன். புரி என்றால் நகரம். கேட்டமாத்திரத்தில் நம் ஊர்ப் பெயர் போலவே ஒலிக்கிறது. அம்மாகாணத்தின் மலைகளிடையே இரண்டு ஆறுகள் ஓடிவந்து, காஞ்சனபுரி நகரத்தருகே ஒன்று கூடுகின்றன. பெரியதற்குக் குவே யாய் என்றும், சிறியதற்குக் குவே நோய் என்றும் பெயர். தாய் மொழியில் 'நோய்' என்றால் 'சிறிய' என்பதே பொருள். ஆயினும் தமிழ்ச் செவிக்கு அந்தச் சொல் வேறொரு பொருளையே தருகிறது. அந்தப் பொருளும் இந்த ஆற்றுக்கு எவ்வளவு பொருந்துகிறது என்பதைப் பின்னர்க் காண்பீர்கள்.

மார்கழி மாதத்து மாலை ஒன்றில் குவே நோய் ஆற்றின் கரைக்குச் சென்றேன். ஒரு பக்கம் செங்குத்தான பாறை. அதன் இடுப்பில், ஆற்றை ஒட்டியபடியே, மரத்தூண்கள் தாங்கும் ரயில் பாதை. தாம் கிராசே என்பது அவ்விடத்தின் பெயர். பாறைக்குள் ஒரு குகையும், குகைக்குள் புத்தர் சிலையும் உண்டு. கீழே, கரையோரமாக, மூங்கில் மிதவைகளின்மேல் கட்டிய வீடுகள் வரிசையாகக் கிடந்தன. அவற்றுள் ஒன்றில் எனக்கு இடம் கிடைத்தது.

இத்தகைய வீட்டைத் தாய் மக்கள் 'ரூவன் பே' என்பர். மிதவை வீடு என்பது அதன் பொருள். 'புணை' என்று நம் சங்கப் புலவர்கள் வழங்கிய சொல்லும் இதையொத்த மிதவையையே குறிப்பது. இந்த வீட்டின் அமைப்பு மிகவும் எளியது. நீண்ட மூங்கில்களைப் பெருங் கட்டுகளாகக் கட்டி, நீரில் வரிசையாக இடுகிறார்கள். அக்கட்டுகளின்மேல் குறுக்குச் சட்டங்கள், சட்டங்களின்மேல் தளம், தளத்தின்மேல் சுவரும் கூரையும். மூங்கில் கட்டு ஒவ்வொன்றுக்கும் 'லூக் புவப்' என்று பெயர். அதன் நேர்ப்பொருள் என்ன தெரியுமா? பீர்க்கங்காய்! நீண்டு உருண்டு கிடக்கும் கட்டுக்கு எத்துணைப் பொருத்தமான பெயர்! மூங்கிலின் ஒவ்வொரு கணுவுக்கிடையிலும் காற்று அடைபட்டிருப்பதால் அது எளிதில் மூழ்குவதில்லை. ஆறு பெருகினால் வீடும் உயரும். ஆறு வற்றினால் வீடும் தாழும். வெள்ளம் வந்து வீட்டுக்குள் புகுந்தது என்ற பேச்சே அங்கில்லை.

மூங்கில் நீரில் ஊறினால் சில ஆண்டுகளில் நைந்து போகாதா என்று நீங்கள் கேட்கலாம். போகும். எனவே பழைய கட்டுகளை ஒவ்வொன்றாக உருவி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் புதிய கட்டுகளைச் செருகுகிறார்கள். அதற்காக வீட்டைக் கரையேற்றுவதில்லை, குடியிருப்போர் வெளியேறுவதுமில்லை. மேலே அடுப்பு எரிந்துகொண்டிருக்க, கீழே வீட்டின் அடித்தளமே மாறிவிடும். இச்செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மீண்டும் இதனிடம் வருவேன்.

ஒரு காலத்தில் சயாமின் தலைநகரே மிதவை வீடுகளால் ஆன நகரமாக விளங்கியது. 1782-ஆம் ஆண்டில் முதலாம் இராமர் என்னும் மன்னர் பாங்காக்கைத் தலைநகராக்கினார். அப்போது சாவ் பிரயா ஆறே நகரின் பெருந்தெரு. ஆற்றின் இருகரையிலும் மிதவை வீடுகள் அணி அணியாகக் கட்டுண்டு கிடந்தன. அவற்றுள் பல, கடைகளும் ஆகும். வாங்குவோர் படகில் வந்து, கடைவாசலில் படகை நிறுத்திப் பண்டம் வாங்கிச் சென்றனர். 1822-ஆம் ஆண்டில் ஆங்கிலேயரின் தூதராகச் சென்ற ஜான் கிராபர்டு என்பவர் இக்காட்சியைக் கண்டு எழுதி வைத்திருக்கிறார். வண்டி ஓடத்தக்க நல்ல சாலை வேண்டும் என்று அந்நகரில் வாழ்ந்த ஐரோப்பியர் மன்னரிடம் விண்ணப்பித்துக்கொண்ட பிறகு, 1862 முதல் 1864 வரையிலான ஆண்டுகளில்தான் சாரோன் குருங் என்னும் சாலை அமைந்தது. சாலைகள் பெருகப் பெருக, மக்கள் நீரைவிட்டு நிலத்துக்குக் குடிபெயர்ந்தனர். இருந்தும் மிதவைக் குடிகள் அடியோடு மறைந்துவிடவில்லை. உதய் தானி என்னும் ஊரில் சகே கிராங் ஆற்றின்மேல் வழிவழியாக வாழ்ந்துவரும் குடும்பங்கள் உண்டு. நீரில் மிதக்கும் அவர்கள் வீடுகளுக்கும் அரசாங்கப் பதிவேட்டில் எண் உண்டு.

பதிவேடு என்ற சொல்லைச் சொல்லிவிட்டேன். அன்றிரவு நான் கற்ற பாடமும் அதைப் பற்றியதே.

இருட்டியதும் மிதவையின் முகப்பில் ஓர் எண்ணெய் விளக்கை ஏற்றி வைத்தார்கள். பிளந்த மூங்கில் தளத்தின் இடுக்குகளில் ஆற்று நீர் மின்னியது. நீர் இடைவிடாமல் கட்டுகளில் மோதி, யாரோ தாழ்ந்த குரலில் பேசுவது போன்ற ஓசையை எழுப்பிற்று. எனக்கு அடுத்த அறையில் மலேசியாவிலிருந்து வந்த தமிழர் ஒருவர் தங்கியிருந்தார். எழுபது வயதைக் கடந்தவர். சற்று நேரம் பொதுவாகப் பேசிக்கொண்டிருந்தோம். பிறகு அவர் மேலே இருந்த ரயில் பாதையைச் சுட்டிக்காட்டி, "தம்பி, எங்கள் பெரியப்பா இந்தப் பாதை போடத்தான் வந்தார். வந்தவர் திரும்பவில்லை," என்றார்.

நண்பர்களே, அந்த ரயில் பாதையின் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1941-ஆம் ஆண்டு டிசம்பரில் ஜப்பானியப் படை மலாயாவில் இறங்கியது. 1942-ஆம் ஆண்டு பிப்ரவரி 15-ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. அதன்பின் பர்மாவும் ஜப்பானியர் கைப்பட்டது. பர்மாவிலிருந்த தங்கள் படைக்கு உணவும் போர்க்கருவிகளும் அனுப்பக் கடல்வழி ஒன்றே அவர்களுக்கு இருந்தது. அவ்வழியிலோ நேச நாடுகளின் நீர்மூழ்கிக் கப்பல்கள் காத்திருந்தன. ஆகவே சயாமையும் பர்மாவையும் காட்டின் ஊடே ரயிலால் இணைக்க முடிவு செய்தனர். அதன் நீளம் 415 கிலோமீட்டர். 1942-இல் தொடங்கிய வேலை, 1943-ஆம் ஆண்டு அக்டோபரில் முடிந்தது. மலையும் காடும் மழையும் நிறைந்த அந்நிலத்தில், பெரும்பாலும் மண்வெட்டியும் கூடையும் சம்மட்டியும் கொண்டே ஏறத்தாழப் பதினாறு மாதங்களில் அதை முடித்தார்கள் என்றால், வேலை செய்தவர்கள் எவ்வாறு வாட்டப்பட்டிருப்பார்கள் என்பதை நீங்களே எண்ணிப் பார்க்கலாம்.

வேலை செய்தவர்கள் இரு வகையினர். முதல் வகையினர் போர்க் கைதிகள். ஆங்கிலேயர், ஆஸ்திரேலியர், டச்சுக்காரர் முதலிய இவர்கள் 60,000 பேருக்கு மேல் இருந்தனர். இரண்டாம் வகையினர் ஆசியத் தொழிலாளர். பர்மியர், மலாய்க்காரர், ஜாவானியர், சீனர், தமிழர் என இவர்கள் இரண்டு லட்சம் அளவினர் என்பர். மலாயாவிலிருந்து மட்டும் 75,000 பேர் அளவில் கொண்டுவரப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் ரப்பர்த் தோட்டங்களில் உழைத்த தமிழர்கள்.

போரினால் ரப்பர் ஏற்றுமதி நின்று, தோட்டங்களில் வேலையும் அரிசியும் இல்லாத காலம் அது. சயாமுக்கு வந்தால் நல்ல கூலியும் உணவும் உண்டு, சில மாதங்களில் திரும்பிவிடலாம் என்று ஆசை காட்டினர். ஆசைக்கு இணங்காதவர்களை வற்புறுத்தியும் பிடித்தும் கொண்டு சென்றனர். மனைவி மக்களோடு போனவர்களும் உண்டு. பான் போங் என்னும் நிலையத்தில் ரயிலிலிருந்து இறக்கி, அங்கிருந்து காட்டுக்குள் பல நாள் நடத்திச் சென்றனர்.

"பாட்டி உயிரோடிருந்த வரையில் அந்தக் கதையைச் சொல்வார்," என்று பெரியவர் தொடர்ந்தார். "தோட்டத்துக் கிராணி ஒருநாள் பேர் எழுதிக்கொண்டு போனாராம். பெரியப்பாவுக்கு அப்போது பத்தொன்பது வயது. மூன்று மாதத்தில் வந்துவிடுவான் என்று சொன்னார்களாம். சாகும் வரைக்கும் பாட்டி அவருக்கு ஒரு திதி கூடக் கொடுக்க விடவில்லை. இறந்தார் என்று எழுதிய தாள் எங்கே, காட்டு என்று கேட்பார். கூட்டிக்கொண்டு போகும்போது பேர் எழுதினார்கள், தம்பி. செத்தபோது யாரும் எழுதவில்லை."

அவர் இதைச் சொன்னபோது குரலில் சினமோ அழுகையோ இல்லை. பல முறை சொல்லித் தேய்ந்த சொற்களாக அவை வந்தன. என்னால் மறுமொழி கூற இயலவில்லை.

1943-ஆம் ஆண்டு மழைக்காலத்தில் இந்த ஆற்றங்கரை முகாம்களில் வாந்திபேதி பரவியது. நீரைக் காய்ச்சிக் குடித்தாலும், கழிவிடங்களைத் தள்ளி அமைத்தாலும் அதைப் பெரிதும் தடுக்கலாம். போர்க் கைதிகளிடையே மருத்துவர்கள் இருந்தனர். படை ஒழுங்கும் இருந்தது. மருந்தில்லாத நிலையிலும் அவர்கள் இவ்விதிகளைக் காத்தனர். ஆஸ்திரேலிய மருத்துவர் எட்வர்டு டன்லப் போன்றோர் மூங்கிலைக் கொண்டே மருத்துவக் கருவிகளைச் செய்தனர். காஞ்சனபுரி வணிகர் பூன்போங் என்பவர், முகாம்களுக்குப் படகில் பண்டம் கொண்டுசெல்லும் வேலையை மேற்கொண்டு, ஜப்பானியர் அறியாமல் மருந்தும் பணமும் மறைத்துக் கொண்டுபோய்க் கைதிகளிடம் சேர்த்தார். அவர் உயிரைப் பணயம் வைத்துச் சென்ற வழி இதே ஆறுதான்.

ஆசியத் தொழிலாளருக்கோ மருத்துவரும் இல்லை. அவர்களுக்காகப் பேசுவாரும் இல்லை. ஆற்று நீரை அப்படியே குடித்தனர். கூட்டங் கூட்டமாக மாண்டனர். தமிழ்ச் செவிக்கு அந்த ஆற்றின் பெயர் உரைக்கும் பொருள் அன்று மெய்யாயிற்று.

போர் முடிந்தபின் நிகழ்ந்ததை நீங்கள் கூர்ந்து நோக்க வேண்டும். மாண்ட போர்க் கைதிகள் 12,000 பேருக்கு மேற்பட்டவர்கள். அவர்களுடைய தோழர்கள் முகாம்களில் இறந்தவர் பெயர், நாள், புதைத்த இடம் ஆகியவற்றைக் குறித்து வைத்திருந்தனர். சில குறிப்புகளைக் காவலர் கண்ணில் படாமல் மண்ணுக்குள் புதைத்தும் காத்தனர். அக்குறிப்புகளின் துணையால் கல்லறைகளைத் தேடிக் கண்டுபிடித்தனர். காஞ்சனபுரியிலும், சுங்காயிலும், பர்மாவின் தன்புயுசயாட்டிலும் மூன்று பெரிய கல்லறைத் தோட்டங்களை அமைத்தனர். காஞ்சனபுரித் தோட்டத்தில் மட்டும் ஏறத்தாழ 7,000 கல்லறைகள் உள்ளன. அவற்றுள் மிகப் பலவற்றில் இறந்தவரின் பெயரும் வயதும் நாளும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. மறுநாள் அவ்வரிசைகளினிடையே நடந்தபோது, இருபது வயதும் இருபத்தோரு வயதுமாக எத்தனை பிள்ளைகள் என்று என் நெஞ்சு பதைத்தது. அவர்கள் பெயரை உலகம் காத்ததில் எனக்கு மகிழ்ச்சியே.

ஆனால் மாண்ட ஆசியத் தொழிலாளர் எத்தனை பேர்? 90,000 வரை என்று சிலர் மதிப்பிடுகின்றனர். குறைத்துச் சொல்வாரும் கூட்டிச் சொல்வாரும் உண்டு. ஒருவர் இருவர் வேறுபாடன்று, பல்லாயிரக்கணக்கில் வேறுபாடு. காரணம் யாது? எண்ணுவாரில்லை, எழுதுவாரில்லை. ஒரு மனிதன் இறப்பது ஒரு துன்பம். அவன் இறந்தானா என்பதே தெரியாமல் ஒரு தாய் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பது அதனினும் கொடிய துன்பம்.

இதற்கு மாறான ஒரு வேடிக்கையையும் கேளுங்கள். பியர் பூல் என்னும் பிரெஞ்சு எழுத்தாளர் 1952-இல் குவே ஆற்றுப் பாலத்தைப் பற்றி ஒரு நாவல் எழுதினார். 1957-இல் அது திரைப்படமாகி உலகெங்கும் புகழ்பெற்றது. அப்படத்தை எடுத்தது சயாமில் அன்று; இலங்கையில், கித்துல்கலை என்னுமிடத்தில், களனி ஆற்றங்கரையில். காஞ்சனபுரியில் உள்ள உண்மையான பாலமோ குவே ஆற்றின்மேல் இல்லை. மே கிளாங் ஆற்றின்மேல் இருந்தது. படம் பார்த்தவர்கள் குவே ஆற்றுப் பாலம் எங்கே என்று தேடி வரத் தொடங்கவே, 1960-இல் அந்த ஆற்றுப் பகுதிக்குக் குவே யாய் என்று பெயரையே மாற்றிவிட்டனர். ஒரு கதைக்காக ஆற்றின் பெயர் மாறியது. அந்த ஆற்றங்கரையில் மெய்யாகவே மாண்டவர்களுக்கோ பெயர் இல்லை.

முற்றிலும் நினைவுச் சின்னமே இல்லை என்று சொல்ல முடியாது. 1944-ஆம் ஆண்டில் ஜப்பானியரே பாலத்தருகில் ஒரு நினைவுத்தூண் எழுப்பினர். அதில் பல மொழிகளில் வாசகங்கள் உள்ளன. தமிழும் அவற்றுள் ஒன்று. வருத்தியவர் கையாலேயே முதல் தமிழ்க்கல் எழுந்தது என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. காஞ்சனபுரியில் வாட் தாவோர்ன் என்னும் கோயிலில், பெயரறியாத தொழிலாளரின் எலும்புகளைச் சேர்த்துவைத்த ஒரு தூபி உண்டு. 1990-ஆம் ஆண்டு நவம்பரில் நகரத்தருகே ஒரு நிலத்தைத் தோண்டியபோது நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. போர் முடிந்து 45 ஆண்டுகள் சென்றபின்னும் மண் அவர்களை நினைவூட்டிற்று. 2023-ஆம் ஆண்டில் தமிழர் முயற்சியால் அங்கே ஒரு நடுகல் எழுந்தது. வீழ்ந்த வீரனுக்குக் கல் நட்டு, அவன் பெயரையும் செயலையும் அதில் பொறிப்பது நம் முன்னோர் மரபு. இக்கல்லில் பொறிப்பதற்கு ஆயிரமாயிரம் பெயர்கள் நம்மிடம் இல்லை.

இவற்றையெல்லாம் எண்ணியபடி நெடுநேரம் விழித்துக் கிடந்தேன். கீழே நீர் ஓடிக்கொண்டே இருந்தது. 1984-இல் மேலே ஓர் அணை கட்டி முடிக்கப்பட்டது. பழைய பாதையின் ஒரு பகுதி அதன் நீர்த்தேக்கத்தில் மூழ்கிவிட்டது. மண்ணிலும் நீரிலும் மறைந்தவற்றை இனி யார் தேடுவார் என்று மனம் சோர்ந்தது.

விடியுமுன் விழித்துக்கொண்டேன். ஆற்றின்மேல் பனி அடர்ந்திருந்தது. பெரியவர் எனக்கு முன்பே எழுந்து, குளித்து, முகப்பில் அமர்ந்திருந்தார். சிறிது நேரத்தில் மேலே ரயில் வரும் ஓசை கேட்டது. பாறையோரத்தில் அது மிக மெதுவாக, மரத்தூண்கள் முனக, ஊர்ந்து சென்றது. அப்பாதையில் நாம் தோங் என்னும் ஊர்வரை இன்றும் ரயில் ஓடுகிறது. சன்னல் விளக்குகள் வரிசையாகத் தண்ணீரில் தோன்றி மறைந்தன.

ரயில் சென்று ஓசை அடங்கியதும், பெரியவர் தம் பையிலிருந்து பள்ளிப் பிள்ளைகள் எழுதும் ஒரு குறிப்பேட்டை எடுத்தார். "எங்கள் தோட்டத்தில் இருந்த கிழவர்களையும் கிழவிகளையும் கேட்டுக் கேட்டு எழுதினேன். யார் யார் சயாமுக்குப் போனார்கள், எந்த லயத்தில் இருந்தவர்கள், யாருடைய பிள்ளைகள் என்று எழுதியிருக்கிறேன். இரண்டு பக்கம்தான் தேறிற்று. சொன்னவர்களில் இப்போது யாருமே இல்லை," என்றார். பிறகு அந்த இரண்டு பக்கங்களையும் ஆற்றைப் பார்த்தபடி உரக்கப் படித்தார். ஒவ்வொரு பெயருக்கும் பிறகு சற்று நிறுத்தினார். கடைசியில் தம் பெரியப்பாவின் பெயரைப் படித்துக் குறிப்பேட்டை மூடினார். நான் எழுந்து நின்றுகொண்டிருந்தேன்.

மாணவ நண்பர்களே, மிதவை வீட்டின் மூங்கிலை நினைவில் வைக்கச் சொன்னேனல்லவா? அந்த வீடு மூழ்காமல் இருப்பதற்குக் காரணம், முதலில் கட்டியவன் திறமை மட்டும் அன்று. ஒவ்வொரு தலைமுறையும் நைந்த கட்டை எடுத்துவிட்டுப் புதிய கட்டைச் செருகுகிறது. ஒரு தலைமுறை மறந்தாலும் வீடு நீருக்குள் போய்விடும். மக்களின் வரலாறும் அத்தகையதே. கல்லில் எழுதாதவர்களின் வரலாறு முதியோர் நினைவில் மட்டுமே மிதக்கிறது. அந்த நினைவோ மூங்கிலைப் போல நாளுக்கு நாள் நைகிறது.

உங்கள் வீட்டிலும் கடல்கடந்து சென்று திரும்பாதவர் ஒருவர் இருந்திருக்கலாம். ரங்கூனுக்கோ, மலாயாவுக்கோ, இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கோ சென்றவராக இருக்கலாம். இந்த விடுமுறையில் உங்கள் பாட்டியின் அருகில் அமர்ந்து அவர் பெயரைக் கேளுங்கள். எந்த ஊரிலிருந்து, எந்த ஆண்டில், யாருடன் போனார் என்று கேட்டு எழுதி வையுங்கள். இரண்டு பக்கம் தேறினாலும் போதும்.

படகில் கரையேறித் திரும்பிப் பார்த்தேன். மிதவையின் முகப்பில் பெரியவர் இன்னும் நின்றுகொண்டிருந்தார். பனி விலகி, பாறையோரத்துப் பாதையின் தூண்கள் ஒவ்வொன்றாகத் தெரியத் தொடங்கின.